ஜிம்னிக்கு இரும்பு பம்பர்: சென்சார்ல கை வைக்க விடாதீங்க

தம்பி, ஜொகூர் காட்டுப் பாதைக்காக உங்க சுசுகி ஜிம்னி ஜீப்புக்கு இரும்பு பம்பர் வாங்கியிருக்கீங்க. சிங்கப்பூர் காக்கி புக்கிட் பட்டறையில "ஏர்பேக் சென்சார் இடிக்குது, கொஞ்சம் தள்ளி வெல்டு வச்சிடலாம்"னு சொன்னாங்களாம். ஒத்துக்காதீங்க.

வண்டி எவ்வளவு வேகமா நிக்குதுங்கிற அதிர்வைப் படிச்சுத்தான் ஏர்பேக் கணினி முடிவெடுக்குது. கண் சிமிட்டுறதுக்குள்ள பை விரிஞ்சாகணும். கம்பெனி பம்பருக்குப் பின்னால இருக்கிற பகுதி நசுங்குற விதத்துக்கு ஏத்த மாதிரிதான் அந்தக் கணக்கு. தடித்த இரும்பை நேரா சேஸில, அதாவது வண்டியோட அடிச்சட்டத்துல, முடுக்கினா நசுங்க இடமே இல்ல. சின்ன இடிக்கே பை வெடிக்கலாம். இல்ல, நிஜ மோதல்ல தாமதமாகலாம். சென்சார் இடமோ கோணமோ மாறினா அதுவும் பொய் சொல்லும்.

உங்க மாடலுக்கே ஏர்பேக்கோட சோதிச்ச பம்பரா, நசுங்கும் பிராக்கெட் கூட வருதான்னு பாருங்க. ஆஸ்திரேலியத் தயாரிப்புகள்ல இது சகஜம். "எல்லா ஜீப்புக்கும் பொருந்தும்"னு விக்கிறதைத் தொடாதீங்க.

கழட்டும்போது பேட்டரியைப் பிரிச்சு, சில நிமிஷம் விட்டுட்டுத்தான் ஏர்பேக் வயரோட மஞ்சள் கனெக்டரைத் தொடச் சொல்லுங்க. சாவி போட்டுப் பார்க்கிற அவசரக்காரங்க இருக்காங்க, பக்கத்துலயே நில்லுங்க.

இதுக்கெல்லாம் முன்னாடி, சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்தோட (LTA) வண்டி மாற்றங்கள் பட்டியலைப் பாருங்க: அனுமதி வேண்டாதது, வேண்டியது, கூடவே கூடாதது. உங்க பம்பர் கடைசி வகைன்னா பெட்டியைப் பிரிக்காம திருப்பிக் கொடுத்துடுங்க. காப்புறுதிக்காரங்க கிட்டயும் எழுத்துல கேளுங்க.