மகளுக்கு இப்போதே கிளிப் தேவையா?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. மேல்வரிசை முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்து, பற்கள் விசிறிபோல் விரிந்து நிற்கின்றன. உடனே கிளிப் போட வேண்டுமா? எனக்கு 41 வயது. சிறுவயதில் கம்பி போட்டுச் சீராக்கிய என் கீழ்ப்பற்கள் மறுபடியும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. இந்த வயதில் மீண்டும் சிகிச்சை பெறலாமா?

பதில்: உங்கள் மகளிடம் நீங்கள் காண்பது, 8 முதல் 11 வயதுவரை பல குழந்தைகளுக்கு இயல்பாகவே இருக்கும் தோற்றம்தான். இன்னும் முளைக்காத கோரைப்பற்கள் எலும்புக்குள் இருந்தபடியே பக்கத்துப் பற்களின் வேர்களை அழுத்துவதால் முன்பற்கள் விரிகின்றன. 11, 12 வயதில் அவை வெளியே வரும்போது இடைவெளி பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். ஆகவே கிளிப்புக்கு அவசரப்பட வேண்டாம். ஆனால் பரிசோதனையைத் தள்ளிப்போடவும் வேண்டாம். கடைவாய்ப்பற்களைச் சேர்த்துக் கடிக்கச் சொல்லி, அவளது கன்னங்களை விரலால் விலக்கிப் பாருங்கள். மேற்பற்கள் கீழ்ப்பற்களை வெளிப்பக்கமாகச் சற்றே மூடியிருக்க வேண்டும். எங்காவது மேற்பல் உள்ளடங்கிக் கடித்தாலோ, விரல் சூப்பும் பழக்கத்தால் முன்பற்கள் ஒன்றையொன்று எட்டாமல் நின்றாலோ, பல் சீரமைப்பு மருத்துவரிடம் விரைவில் காட்டுங்கள். தாடை வளரும் பருவத்தில் எளிதாகத் திருத்தக்கூடிய சில குறைகளுக்கு, வளர்ச்சி நின்றபின் அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம்.

உங்களுக்கும் சிகிச்சை பெற வயது ஒரு தடையே அல்ல. பல்வேர் எலும்போடு ஒட்டியிருப்பதில்லை. மெல்லிய நார்த்திசு ஒன்று இடையில் நின்று அதைத் தாங்குகிறது. மென்மையான விசையைத் தொடர்ந்து செலுத்தினால், அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைந்து, எதிர்ப்பக்கத்தில் புதிதாக உருவாகிறது. அதனால்தான் பல் மாதத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் மட்டுமே நகர்கிறது. விரைவில் முடித்துத் தருவதாகச் சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். பெரியவர்களைப் பொறுத்தவரை நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுதான்: ஈறுநோய் இருந்தால் அதை முதலில் குணப்படுத்திக்கொள்ளுங்கள். ஈறு வீங்கி எலும்பு தேய்ந்துகொண்டிருக்கும்போது பல்லை நகர்த்தினால், அது மேலும் ஆட்டம் காணும். பற்களை மெல்ல நகர்த்தும் ஒளிபுகும் பிளாஸ்டிக் உறையான, கழற்றி மாட்டும் அலைனரைத் தேர்ந்தெடுத்தால், நாளொன்றுக்கு 20 முதல் 22 மணி நேரம் அணிய வேண்டியிருக்கும். கம்பியானால், அதைப் பிடித்துக்கொள்ளப் பல்லில் ஒட்டப்படும் சிறு துண்டான பிராக்கெட் ஒவ்வொன்றின் மேலும் கீழும் தனித்தனியாகத் துலக்க வேண்டும். அந்த இடுக்கில் படியும் அழுக்கு எனாமலை அரித்துவிட்டால், கம்பியைக் கழற்றும் நாளில் வரிசை சீராகியிருந்தாலும் பற்களில் சுண்ணாம்புத் திட்டுகள் போல வெண்புள்ளிகள் தெரியும். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

பற்கள் மீண்டும் நெருங்கியதற்கு நீங்கள் வருந்த வேண்டாம். கம்பியே போடாதவர்களுக்கும் வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் நெருங்குவது வழக்கம். இம்முறை சிகிச்சை முடிந்ததும், சீரான பற்களை அதே இடத்தில் நிறுத்திவைக்கும் ரிடெய்னரை மருத்துவர் சொல்லும் கால அளவுப்படி அணிந்து, இரவில் மட்டும் போதும் என்று அவர் சொன்ன பிறகும் அதைக் கைவிடாதீர்கள். கழற்றி மாட்டும் ரிடெய்னரை வெந்நீரில் கழுவினால் வடிவம் மாறிவிடும் என்பதால் குளிர்ந்த நீரையே பயன்படுத்துங்கள். சில நாள் அணியாமல் விட்டு, பிறகு மாட்டும்போது இறுக்கமாக இருந்தால் பற்கள் நகரத் தொடங்கிவிட்டன என்று பொருள். அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.