முதல் செமஸ்டரில் தடுமாறியவர்களுக்கு: மூன்று கேள்விகள்

கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்ற நான், பல ஆண்டுகள் வகுப்பு ஆலோசகராகவும் இருந்திருக்கிறேன். முதலாண்டு மாணவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கோபிசெட்டிபாளையம், மாணவர்: அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தேன். கணிதத்தில் அரியர் விழுந்துவிட்டது. அப்பா மஞ்சள் அறுவடையில் இருப்பதால் வீட்டில் சொல்லவில்லை. இந்தப் படிப்புக்கு நான் தகுதியில்லாதவனா, அம்மா?

பதில்: தம்பி, அந்த ஒதுக்கீட்டிலும் மதிப்பெண் தரவரிசைப்படியே இடம் தரப்படுகிறது, உங்கள் இடம் யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்ததன்று. தமிழ் வழியில் வந்தவர்களின் விடைத்தாள்களை ஆண்டுதோறும் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்: அவர்களில் பலருக்குக் கணக்கு தெரிந்திருந்தது, கேள்விதான் புரியவில்லை. பள்ளியில் அணி, அணிக்கோவை, வகைக்கெழு என்று நீங்கள் படித்தவையே இங்கு மேட்ரிக்ஸ், டிடர்மினன்ட், டெரிவேட்டிவ் என்று வந்து நிற்கின்றன. ‘புரூவ்’ என்றால் பொதுவாக நிறுவ வேண்டும், ‘வெரிஃபை’ என்றால் கொடுத்ததைச் சரிபார்த்தால் போதும் என்ற வேறுபாடு தெரியாமல், ஒரு பக்கம் எழுத வேண்டிய இடத்தில் இரண்டு வரியோடு நிறுத்தியவர்கள் நிறையப் பேர். அறிவிக்கப்பட்ட தேதிக்குள் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். மறுமதிப்பீட்டுக்காக மட்டுமல்ல, மதிப்பெண் எந்தப் படியில் போயிற்று என்பதை ஆசிரியரோடு உட்கார்ந்து பார்ப்பதற்காகவும்தான். பன்னிரண்டாம் வகுப்புக் கணித நூலின் தமிழ், ஆங்கிலப் பதிப்புகள் இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன; ஒரே பாடத்தை இரண்டிலும் பக்கத்துக்குப் பக்கம் வைத்துப் படியுங்கள். அப்பாவிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். மறைப்பதில் செலவாகும் மனம், இரண்டாம் செமஸ்டர் பாடத்துக்குக் கிடைக்காமல் போகும்.

திருப்பூர், மாணவர்: கலைக் கல்லூரியில் படிக்கிறேன். இரவில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. காலை வகுப்புகள் தவறுகின்றன.

பதில்: 75 சதவீத வருகை வேண்டும் என்றால், 90 வேலை நாள்களில் 22 நாள்கள்தான் விடுப்பு எடுக்க முடியும். எத்தனை போயிற்று என்று இன்றே எண்ணுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவரென்றால், 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெறத் தகுதி உண்டு. கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். அந்தத் தொகையின் அளவுக்காவது இரவு வேலையைக் குறையுங்கள்.

நாமக்கல், மாணவி: உறைவிடப் பள்ளியில் முதலிடம் பெற்றவள் நான். இப்போது தூக்கமில்லை, படிப்பும் ஏறவில்லை. விடுதியில் தனியாகவே சாப்பிடுகிறேன்.

பதில்: அம்மணி, விடியற்காலை எழுவது முதல் இரவு விளக்கணைப்பது வரை உங்கள் நாளைப் பள்ளியே வகுத்துத் தந்தது, நாளை நீங்களே வகுக்க வேண்டிய நிலை இப்போதுதான் முதன்முறையாக வந்திருக்கிறது. இது பழகுவதற்குரிய திறன், உங்கள் அறிவின் குறையன்று. தூக்கமின்மை இரண்டு வாரத்தைத் தாண்டியிருந்தால், 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. வகுப்பு ஆலோசகரையும் நாளையே பாருங்கள். இன்றிரவு, பக்கத்து அறைத் தோழியைச் சாப்பிடக் கூப்பிடுங்கள்.