பிரிந்தவர் நினைவோடு கிறிஸ்துமஸ் அலங்காரம்: கேள்வி பதில்

கேள்வி: மறைந்த அம்மாவின் படத்தை மரத்தில் தொங்கும் கண்ணாடி உருண்டைக்குள் வைத்தேன். மை பரவிவிட்டது. ஏன்?

பதில்: இங்க்ஜெட் பிரிண்டில் பசை தடவியிருப்பீர்கள். அந்த மை பெரும்பாலும் ஈரம் பட்டால் கரையும். லேசர் பிரிண்ட் எடுங்கள். அசல் படத்தை உள்ளே போட வேண்டாம், 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்து நகலை வையுங்கள். 8 செ.மீ. உருண்டைக்கு 4 செ.மீ. வட்டம் போதும். உருண்டை சுழலும் என்பதால் இரண்டு படங்களை முதுகோடு முதுகாக இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டி, பென்சிலில் சுற்றிக் கழுத்து வழியாக விட்டால் உள்ளே விரிந்துகொள்ளும். போட்டோ தாள் தடிமன், மடிப்பு விழும். இரண்டாகத் திறக்கும் பிளாஸ்டிக் உருண்டை கிடைத்தால் இந்தச் சர்க்கஸே வேண்டாம்.

கேள்வி: அப்பாவின் சட்டையில் நட்சத்திரம் தைக்க வேண்டும். வெட்ட மனசு வரவில்லை.

பதில்: பாக்கெட்டையும் பட்டன் பட்டியையும் தொடாதீர்கள். முதுகின் கீழ்ப்பகுதியில் 14 செ.மீ. சதுரம் இரண்டு எடுத்தாலே 10 செ.மீ. நட்சத்திரம் வரும். துணியின் நல்ல பக்கங்களை உள்ளே சேர்த்து, ஓரம் 6 மி.மீ. விட்டு, பஞ்சு அடைக்க 4 செ.மீ. திறப்பு வைத்துத் தையுங்கள். கெட்டுப்போவது மூலைகளில்தான். உள்மூலையில் தையலுக்கு 1 மி.மீ. முன்வரை வெட்டுக் கொடுக்காவிட்டால் திருப்பும்போது சுருங்கும். முனையில் மிச்சத் துணியை நறுக்காவிட்டால் மொத்தையாக நிற்கும். பனியன் துணியானால் முதலில் பின்புறம் ஒட்டு கேன்வாஸ் (சூட்டில் ஒட்டிக்கொள்ளும் துணி) வைத்து இஸ்திரி போடுங்கள், இல்லையேல் இழுபடும். ஒன்று மட்டும்: துவைத்தால் அவர் வாசனை போய்விடும், இஸ்திரிச் சூட்டிலும் குறையும். அது முக்கியமானால் மீதிச் சட்டையைத் துவைக்காமல் காற்றுப் புகாத பையில் வைத்துவிடுங்கள்.

கேள்வி: பாட்டி வைத்திருந்த பழைய கண்ணாடி உருண்டைகளைக் கழுவலாமா?

பதில்: கூடாது. பழைய உருண்டைகளின் வெளிச்சாயம் ஈரத்துணியிலேயே உரிந்து வரும். கண்ணாடி துடைக்கும் திரவம் இன்னும் மோசம். மென்மையான உலர்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். மூடியின் கம்பி தளர்ந்திருக்கும், மூடியையும் கழுத்தையும் சேர்த்து நூலால் கட்டித் தொங்கவிடுங்கள்.

கேள்வி: படத்தின் முன் இரவு முழுக்க மெழுகுவர்த்தி எரியலாமா?

பதில்: ஆள் இருக்கும்போது மட்டும். மரம், திரை, காகிதம் எல்லாம் 30 செ.மீ.க்கு அப்பால். இரவுக்கு பேட்டரி விளக்கு. பட்டன் பேட்டரி என்றால் மூடி திருகாணியால் பூட்டியிருக்க வேண்டும், குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் மகனுக்காக ஒரு நட்சத்திரம், அவன் கூப்பிடும் நேரத்தில் தானே எரிய வேண்டும். முடியுமா?

பதில்: பிளக்கில் செருகி, விளக்கை நேரத்துக்கு எரியவைக்கும் பிளக் டைமர் போதும். வட்டைச் சுற்றி நேரம் வைக்கும் டைமர் மின்சாரம் போனால் நின்றுவிடும், அப்புறம் அத்தனை நேரம் தாமதமாகவே எரியும். பேட்டரி உள்ள டிஜிட்டல் வாங்குங்கள். எல்.இ.டி. நட்சத்திரம் என்றால் அதிகம் சூடு ஏறாது.