கேமரா பறவைக் காய்ச்சலைக் கண்டுபிடிக்குமா?

கேள்வி: மோகனூர் பக்கம் 30,000 முட்டைக் கோழிகள் வளர்க்கிறேன். ஷெட்டில் கேமராவும் மைக்கும் பொருத்தினால் செயற்கை நுண்ணறிவு பறவைக் காய்ச்சலை முன்கூட்டியே சொல்லிவிடும் என்று ஒருவர் விலை பேசுகிறார். வாங்கலாமா?

பதில்: நோயின் பெயரை அது சொல்லாது. ‘இன்று கோழிகள் நேற்றுப்போல் இல்லை’ என்பது வரைதான் சொல்லும். இருமல் ஒலி, நடமாட்டம், தீவனம், முட்டை எண்ணிக்கை ஆகியவற்றின் வழக்கத்தைக் கற்றுக்கொண்டு, அது பிசகும்போது எச்சரிக்கும். வெள்ளைக்கழிச்சலா, பறவைக் காய்ச்சலா, வெறும் வெயிலா என்று பிரிக்க ஆய்வகம் வேண்டும். பறவைக் காய்ச்சல் என்று சந்தேகம் வந்தால் மாதிரி போபாலில் உள்ள தேசிய விலங்கு நோய் ஆய்வகம் வரை போக வேண்டியிருக்கும்.

வெயிலைச் சும்மா சொல்லவில்லை. நம் ஷெட்டுகள் பக்கவாட்டில் திறந்தவை. சித்திரையில் கோழி வாயைப் பிளந்து மூச்சிரைக்கும், தீவனத்தை ஒதுக்கும், தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்கும். மூடிய கொட்டகைகளில் பழகிய மென்பொருள் இதையும் நோய் என்று அலறக்கூடும். மூன்று முறை பொய்யாக அலறினால் நான்காம் முறை நீங்களே அதை அணைத்துவிடுவீர்கள். ஆகவே பணம் கொடுக்கும் முன் கோடையில் ஒரு மாதம் உங்கள் ஷெட்டிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை முறை எச்சரித்தது, எத்தனை பலித்தது என்று எழுதி வையுங்கள்.

அதற்கும் முன்னால், ஷெட்டுக்கு ஒரு தண்ணீர் மீட்டர் மாட்டுங்கள். ஒரு கோழி நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தின்று, ஏறத்தாழ இருமடங்கு தண்ணீர் குடிக்கும். உங்கள் பண்ணைக்கு 3.3 டன் தீவனம், ஆறேழாயிரம் லிட்டர் தண்ணீர். உடம்புக்கு முடியாத கோழியிடம் பெரும்பாலும் முதலில் மாறுவது இந்தத் தண்ணீர்க் கணக்குதான். செலவோ மிகச் சொற்பம்.

பக்கத்துப் பத்துப் பண்ணைகளின் கணக்கு ஓரிடத்தில் சேர்ந்தால்தான் இந்தத் தொழில்நுட்பத்தின் முழுப் பலன் தெரியும். தீவன லாரியும் முட்டை டிரேயும் போன வழியே நோய் நகர்வதை அது காட்டிவிடும். ஆனால் காய்ச்சல் என்ற பேச்சு கிளம்பினாலே முட்டை விலை சரியும் என்று அஞ்சி, நம்மவர்கள் செத்த கோழியின் எண்ணிக்கையை அண்ணன் தம்பியிடம்கூடச் சொல்வதில்லை. இதற்கு எந்த மென்பொருளிலும் மருந்து இல்லை. உங்கள் தரவு யார் கைக்குப் போகும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

கொண்டை நீலம் பாரித்து, தலை வீங்கி, கோழிகள் திடீரெனக் கொத்துக்கொத்தாகச் செத்தால் அறுத்துப் பார்க்காதீர்கள். வண்டிகளை வாசலிலேயே நிறுத்திவிட்டு, உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். கால்நடைத் தொற்றுநோய்களைத் தடுப்பதற்கான 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அது உங்கள் கடமை. கேமரா அப்போது பச்சை விளக்குக் காட்டிக்கொண்டிருந்தாலும் சரி.