புகைச் சோதனையில் ஃபெயிலான பழைய காரை விற்கலாமா?

கேள்வி: மயிலாப்பூரில் இருக்கிறோம். அப்பா ஆசை ஆசையாக வைத்திருந்த 1965 ட்ரையம்ப் ஹெரால்ட் வீட்டில் நிற்கிறது. துணிக்கூரையை மடக்கிவிட்டு ஓட்டுகிற கன்வெர்ட்டிபிள், இறக்குமதி வண்டி. அப்பா தவறி நான்கு வருடம் ஆகிறது. ஆர்.சி. இன்னும் அவர் பெயரில்தான். அடுத்த ஆண்டு வரை செல்லும். உயில் இல்லை. அம்மா, அக்கா, நான் ஆகிய மூவர்தான் வாரிசுகள். இணையத்தில் "பேப்பர் எல்லாம் கிளியர்" என்று விளம்பரம் போட்டேன். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வந்து பார்த்து ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கொடுத்தார். அப்புறம் புகைச் சோதனைக்குக் கொண்டுபோனால் ஃபெயில். சீட்டில் கார்பன் மோனாக்சைடு 4.1, அனுமதி 0.5 என்று இருக்கிறது. அத்தானோ, "விற்றதும் பெயர் மாற்றுகிற ஃபார்ம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டு வண்டியைக் கொடுத்துவிடு, வாங்குகிறவர் பார்த்துக்கொள்வார். இல்லையென்றால் சர்டிபிகேட் வாங்கித் தர ஆள் இருக்கிறது" என்கிறார். விற்கலாமா? அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டால் கொடுக்க வேண்டுமா?

பதில்: விற்கலாம். புகைச் சோதனையில் தேறாத வண்டியை விற்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பொதுச் சாலையில் ஓட்டுவதுதான் குற்றம். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி, மாசு அளவை மீறிய வண்டியை ஓட்டினாலும், ஓட்ட விட்டாலும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "ஓட்ட விட்டாலும்" என்பதைக் கவனியுங்கள். சாவியை நீங்கள் கையில் கொடுத்து, அவர் நேரே கோயம்புத்தூருக்கு ஓட்டிக்கொண்டு போனால், கேள்வி உங்கள் பக்கமும் திரும்பும். லாரியில் ஏற்றி அனுப்புங்கள்.

பெட்ரோல் வண்டிக்கு 15 வருடம்தான் ஆயுள் என்று யாராவது பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது டெல்லி வட்டாரத்துக்காகப் பிறந்த உத்தரவு. சென்னையில் ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

இனி அந்தச் சீட்டை எடுத்து இன்னொரு முறை பாருங்கள். அனுமதி 0.5 சதவீதம் என்பது பாரத் ஸ்டேஜ் (வண்டிப் புகைக்கு அரசு படிப்படியாகக் கொண்டுவந்த கட்டுப்பாடு) 2, 3 தரத்தில் வந்த பெட்ரோல் கார்களுக்கு உரியது. 1965 வண்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 115-ஆம் விதிப்படி, பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய நான்கு சக்கர பெட்ரோல் வண்டிக்கு கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரையும், ஹைட்ரோகார்பன் (எரியாமல் வெளியேறும் பெட்ரோல்) 1,500 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 1,500 பங்கு) வரையும் அனுமதி உண்டு. சோதனை நிலையத்தில் கம்ப்யூட்டரில் வண்டியின் வகையைத் தவறாகத் தட்டியிருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. அதற்காகச் சண்டைக்குப் போய்விடாதீர்கள், 4.1 என்பது 3-ஐயும் தாண்டித்தான் இருக்கிறது. ஆனால் 0.5-க்கு இறக்குவது இந்த வண்டியில் நடக்காத காரியம், 3-க்கு இறக்குவது நடக்கிற காரியம். பெரும்பாலும் கார்புரேட்டரில் பெட்ரோல் கூடுதலாகப் போவதுதான் காரணமாக இருக்கும். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும், இன்ஜின் சூடாகும் முன்பே குழாயைச் செருகி அளந்திருந்தாலும் இப்படிக் காட்டும். ட்ரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவமான ஸ்டாண்டர்டு ஹெரால்ட் நம் சென்னையிலேயே தயாரான வண்டி. அதில் கைவைத்துப் பழகிய மெக்கானிக் ஒருவரைப் பிடித்து டியூன் செய்யுங்கள். பிறகு ஆர்.சி.யைக் காட்டி, சரியான வகையில் பதியச் சொல்லி மறுபடி சோதியுங்கள். தேறினால் சான்று ஆறு மாதம் செல்லும்.

அத்தான் சொன்ன "ஆள்" வேண்டாம். இப்போது சான்றுகள் அரசின் இணையதளத்தில் ஏறுகின்றன, வண்டி எண்ணைப் போட்டு யாரும் பார்க்கலாம். போலிச் சான்றைக் கொடுத்து விற்றால், மாசு அபராதத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம் போலி ஆவணம், மோசடி என்று கிரிமினல் வழக்காக மாறிவிடும்.

ஃபார்ம் 29, 30 யோசனை அதைவிட ஆபத்து. அதில் யார் கையெழுத்துப் போடுவது? பதிவு உரிமையாளர் உங்கள் அப்பா. அவர் பெயரில் நீங்கள் போட்டால் அது கள்ளக் கையெழுத்து. உங்கள் பெயரில் போட்டால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் செல்லாது, ஏனென்றால் பதிவேட்டில் நீங்கள் இல்லை. முதலில் வண்டி உங்களில் ஒருவர் பெயருக்கு மாற வேண்டும். உரிமையாளர் இறந்தால் பயன்படுத்துவது ஃபார்ம் 31. மூன்று மாதத்துக்குள் செய்திருக்க வேண்டியது. தாமதக் கட்டணம் கட்டிச் செய்துவிடலாம். இறப்புச் சான்று, தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்று, மற்ற இருவரின் சம்மதக் கடிதம், நடப்பு இன்சூரன்ஸ் ஆகியவை வேண்டும். புகைச் சான்றும் கேட்பார்கள், அதனால்தான் டியூனிங்கை முதலில் சொன்னேன். இன்சூரன்ஸ் பாலிசியும் அப்பா பெயரிலேயே ஓடிக்கொண்டிருந்தால் அதையும் மாற்றுங்கள்.

ஆர்.டி.ஓ. வேலையில் சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டு வரச் சொல்வார்கள். அதை எடுக்கும்போதே இன்ஜின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டுவிடுங்கள். அந்தக் காலத்து வண்டிகளில் நடுவே யாராவது வேறு இன்ஜினை மாட்டியிருப்பது சகஜம். ஆர்.சி.யில் ஏறாமல் மாற்றியிருந்தால் அது தனிச் சிக்கல், விலையையும் அடிக்கும். பழைய கையெழுத்து ஆர்.சி. புத்தகமாக இருந்தால், கம்ப்யூட்டரில் ஏற்றும்படி முன்கூட்டியே மனு கொடுத்து வையுங்கள்.

பெயர் மாறிய பிறகுதான் ஃபார்ம் 29, 30. வாங்குபவரும் தமிழ்நாடு என்பதால், விற்ற 14 நாளுக்குள் நீங்கள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் 30 நாளுக்குள் தன் பக்கத்தை முடிக்க வேண்டும். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு வருடக்கணக்கில் பெயரை மாற்றாமல் ஓட்டுபவர்கள் நிறைய. 2018-இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு பதிவேட்டில் பெயர் உள்ளவருக்குத்தான். எனவே ஆர்.டி.ஓ. வேலைக்கு நீங்களே கூடப் போங்கள்.

வாங்குபவர் சேகரிப்பாளராக இருந்தால் வின்டேஜ் பதிவைப் பற்றிச் சொல்லுங்கள். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, சேஸிஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாற்றப்படாத வண்டிகளுக்கு 2021-இல் வந்த விதி இது. இறக்குமதி வண்டிக்கும் உண்டு. பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது மாதிரியான காரணங்களுக்குத்தான் வெளியே எடுக்க முடியும். கூரையை மடக்கிவிட்டு மாலையில் பெசன்ட் நகர் பக்கம் ஒரு சுற்று என்பதற்கு அதில் இடமில்லை. இது அவர் எடுக்க வேண்டிய முடிவு, நீங்கள் செலவழிக்க வேண்டாம்.

கடைசியாக அட்வான்ஸ். ஒப்பந்தச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி, குறையைச் சொல்லாமல் இருப்பது மட்டுமே பொதுவாக மோசடி ஆகாது. பழைய வண்டி, பார்த்துத்தானே வாங்கினீர்கள் என்று வாதாட இடம் உண்டு. ஆனால் நீங்கள் சும்மா இருக்கவில்லையே! "பேப்பர் எல்லாம் கிளியர்" என்று எழுதிவிட்டீர்கள். ஆர்.சி. இறந்தவர் பெயரில் இருக்கும்போது அது உண்மையில்லாத வாக்கு. நீங்கள் நல்லெண்ணத்தில் எழுதியிருந்தாலும், அதை நம்பி வந்தவர் ஒப்பந்தத்தை ரத்து செய்து பணத்தைக் கேட்கலாம். கேட்டால் கொடுத்துவிடுங்கள், ஐம்பதாயிரத்துக்காகக் கோர்ட் ஏறுவதில் உங்களுக்கு லாபமில்லை.

அதற்கு முன் இன்றே அவருக்கு வாட்ஸ்அப்பில் அந்தச் சீட்டின் படத்தை அனுப்பி, ஆர்.சி. நிலவரத்தையும் எழுதுங்கள். விளம்பரத்தையும் திருத்துங்கள். அதன் பிறகும் அவர் வேண்டும் என்றால் விற்பனை ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வரி போடுங்கள்: "இந்த வாகனம் இன்ன தேதியில் புகைப் பரிசோதனையில் தேறவில்லை என்பதை வாங்குபவர் அறிவார், சீட்டின் நகலைப் பெற்றுக்கொண்டார், தன் மெக்கானிக்கை வைத்து வண்டியைப் பார்த்துக்கொண்டார், சான்று பெறும் வரை பொதுச் சாலையில் ஓட்டாமல் ஏற்றிச் செல்ல ஒப்புக்கொள்கிறார்." மறுசோதனையில் தேறிவிட்டால் புதுச் சான்றின் எண்ணையும் சேர்த்துக்கொள்ளலாம். வண்டியை ஒப்படைத்த தேதியோடு மணியையும் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்திட்டு, அவருடைய ஆதார் நகலோடு ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.