நாலு மணி பஸ்

அன்புள்ள ஐயா,

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். வீடு பெரம்பூரில். காலையில் காலேஜ் பஸ் பிடித்து, மாலை நாலு மணி பஸ்ஸில் திரும்புவேன். இந்த செமஸ்டரிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே ஆன்லைன் வகுப்பு. மழை லீவு விட்டாலும் ஆன்லைன்தான். அலைச்சல் மிச்சம் என்று முதலில் சந்தோஷப்பட்டேன். இப்போது வீட்டில் இருக்கும் நாளில்தான் அதிகம் களைத்துப்போகிறேன். இரவு பதினொன்றுக்கும் வாட்ஸப் குரூப்பில் ஏதாவது கேட்கிறார்கள். என் கணவரும் வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறார், ஐடி. கதவு உள்ள அறை அவருக்கு, ஹால் எனக்கு. தூக்கம் சரியில்லை, பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். போன சனிக்கிழமை மாலை ஆசிரியர் மனநலம் பற்றி வெபினார் வைத்தார்கள், அட்டெண்டன்ஸ் கட்டாயம். மூச்சுப்பயிற்சி செய்யச் சொன்னார்கள். அதனால் சரியாகுமா? வேலையை விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

சு., பெரம்பூர்

அன்புள்ள சு.,

மூச்சுப்பயிற்சி செய்யுங்கள், கெடுதல் இல்லை. சனிக்கிழமை மாலை வெபினார் வைத்தவருக்குத்தான் அது முதலில் தேவை என்று நினைக்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் சொன்ன அந்த நாலு மணி பஸ்ஸில்தான் விஷயம் இருக்கிறது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைகளை எடுத்துப் பாருங்கள். முழுநேர ஆசிரியரின் வேலை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. தினமும் குறைந்தது 5 மணி நேரம் வளாகத்தில் இருக்க வேண்டும். உதவிப் பேராசிரியருக்கு நேரடி வகுப்பு வாரம் 16 மணி. 'குறையக் கூடாது' என்று எழுதியவர்கள் 'இதற்கு மேல் கூடாது' என்று எங்கேயும் எழுதவில்லை. இத்தனை நாள் அந்த மேல்வரம்பைப் போட்டு வைத்திருந்தவர் உங்கள் பஸ் டிரைவர். மூன்றே முக்காலுக்குத் துறைத் தலைவர், அதாவது ஹெச்.ஓ.டி., வந்து கோர்ஸ் ஃபைல் கேட்டால், "பஸ் எடுத்துடுவாங்க சார், நாளைக்குத் தர்றேன்" என்பீர்கள். அவரால் ஒன்றும் சொல்ல முடியாது, அவருக்கும் அதே பஸ்தான். வீட்டில் இருக்கும் நாளில் அந்த பஸ் இல்லை. அவருக்கும் இல்லை, அதனால்தான் பதினொரு மணிக்குக் கேட்கிறார்.

இன்னொன்று, வீட்டில் இருக்கிறீர்கள் என்றால் ஓய்வாக இருக்கிறீர்கள் என்று கல்லூரி நினைக்கிறது. சும்மா இருக்கிறீர்கள் என்று வீடு நினைக்கிறது. வகுப்பு நடுவே கேஸ் சிலிண்டர் வந்தால் கதவைத் திறப்பது யார்? கணவரின் மீட்டிங்கில் கிளையன்ட் இருக்கிறார், உங்கள் வகுப்பில் வெறும் அறுபது பிள்ளைகள்தானே!

திரைக் களைப்பு வேறு இருக்கிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜெரெமி பெயிலன்சன் 2021-ல் இதைப் பற்றி எழுதிய கட்டுரையில் நாலு காரணம் சொன்னார்: மிக அருகே முறைத்துக்கொண்டிருக்கும் முகங்கள், ஓயாமல் தெரியும் நம் சொந்த முகம், நகர முடியாமல் உட்கார்ந்திருப்பது, சைகை தெரியாததால் மூளைக்குக் கூடும் வேலை. முதல் காரணம் நம் ஊர் வகுப்புக்குப் பொருந்தாது. இங்கே முகமே கிடையாது, இனிஷியல் போட்ட கறுப்புக் கட்டங்கள்தான். "ஆடிபிளா இருக்கா?" என்று கேட்டால் கொஞ்ச நேரம் கழித்து யாரோ ஒருவன், "யெஸ் மேம்" என்பான். வகுப்பறையில் கடைசி பெஞ்ச் கொட்டாவி விட்டால் உடனே பேச்சை மாற்றிவிடுவீர்கள். அந்தக் கொட்டாவிகூட இல்லாமல் ஒரு மணி நேரம் தனியாகப் பேசுவது சாதாரண உழைப்பு இல்லை. உங்கள் முகம் தெரியும் கட்டத்தை மறைத்துவிட்டு, முடிந்தால் நின்றுகொண்டு எடுத்துப் பாருங்கள். கொஞ்சம் குறையும்.

வேலை நேரம் முடிந்தபின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை பிரான்சில் 2017 முதல் சட்டத்தில் இருக்கிறது. இங்கே 2018-ல் எம்.பி. சுப்ரியா சுலே மக்களவையில் அதைத் தனிநபர் மசோதாவாக, அதாவது அமைச்சர் அல்லாத உறுப்பினரின் மசோதாவாகக் கொண்டுவந்தார். நம் நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதா ஒன்று கடைசியாக நிறைவேறியது 1970-ல். அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

ஆகவே வீட்டு நாளிலும் அந்த நாலு மணி பஸ்ஸை நீங்களேதான் ஓட்ட வேண்டும். டிபார்ட்மென்ட்டில் இன்னும் மூன்று நாலு பேர் இதே நிலையில் இருப்பார்கள், பேசிப் பாருங்கள். தனியாகப் போனால் உங்களைச் 'சமாளிக்கத் தெரியாதவர்' என்று முத்திரை குத்திவிடுவார்கள், சேர்ந்தே போங்கள். ஆன்லைன் நாளில் மாலை ஐந்துக்கு மேல் வரும் செய்திக்கு மறுநாள் காலை பதில் தருகிறோம், அவசரம் என்றால் போன் செய்யுங்கள் என்று ஹெச்.ஓ.டி.க்கு மரியாதையாக ஒரு மெயில். வாட்ஸப்பில் வேண்டாம், மெயில்தான் பின்னால் கைகொடுக்கும். போன் செய்யச் சொன்னாலே அவசரங்கள் பாதி காணாமல் போய்விடும்.

மாணவர்கள் இரவில் அனுப்பும் சந்தேகங்களை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அப்பா வேலையிலிருந்து திரும்பிய பிறகுதான் சில பிள்ளைகளின் கைக்கு போன் வருகிறது. அவர்கள் அனுப்பட்டும். பதில் காலையில் போகட்டும், அவர்களுக்கு அதில் வருத்தம் இருக்காது.

வீட்டில் பேசுவது இதைவிடக் கஷ்டம், தெரியும். உங்கள் டைம்டேபிளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். உங்களுக்கு வகுப்பு இருக்கும் நேரத்தில் கதவு உள்ள அறை உங்களுக்கு, மற்ற நேரம் அவருக்கு. சிலிண்டர், கொரியர், அம்மாவின் மாத்திரை எல்லாம் அந்த நேரத்தில் வகுப்போ மீட்டிங்கோ இல்லாதவர் பொறுப்பு. 'வாரத்துக்கு இரண்டே நாள்தானே' என்று அவர் சொன்னால், 'ஆமாம், இரண்டே நாள்தானே' என்று நீங்களும் சொல்லுங்கள்.

ராஜினாமாவை இந்த செமஸ்டர் இன்டர்னல் மார்க் போட்டு முடிக்கும்வரை தள்ளி வையுங்கள். தூங்காதவர் எடுக்கும் முடிவு எதுவும் சரியாக வருவதில்லை. அதற்குள் தூக்கம் இன்னும் மோசமானால், காரணமில்லாமல் அழுகை வந்தால், 14416-க்கு அழையுங்கள். அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவித் தொலைபேசிச் சேவை அது, தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை.

மெயிலுக்கு ஹெச்.ஓ.டி. என்ன பதில் போட்டார் என்று எழுதுங்கள். அவருக்கும் அந்த ஐந்து மணி தேவைப்படலாம் என்பது என் சந்தேகம்.