எரிகிற எண்ணெய்க் கப்பலுக்கு யார் பணம் கொடுப்பார்கள், யார் போய் மீட்பார்கள்?

கேள்வி இதுதான்: "செங்கடலில் எண்ணெய்க் கப்பலைத் தாக்கினால் இன்சூரன்ஸ் பணம் வருமா? போர் என்றால் எந்தப் பாலிசியும் செல்லாது என்கிறார்களே. எரிகிற கப்பலை யார் போய் மீட்பார்கள்? தம்பி டேங்கரில் தேர்ட் ஆபீசர், அதனால் கேட்கிறேன்."

முதலில் தம்பி விஷயம். அவர் ஏறும் கப்பலுக்கு ஐபிஎஃப் ஒப்பந்தம், அதாவது மாலுமிச் சங்கங்களும் கப்பல் கம்பெனிகளும் சர்வதேச அளவில் பேசிப் போட்ட சம்பள ஒப்பந்தம், இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். இருந்தால், போர்ப் பகுதி என்று அதில் குறித்திருக்கும் கடலுக்குள் வர மாட்டேன் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. கம்பெனிதான் செலவு செய்து ஊருக்கு அனுப்ப வேண்டும். போவதாக இருந்தால், அங்கே இருக்கும் நாட்களுக்கு அடிப்படைச் சம்பளம் இரண்டு மடங்கு. உயிருக்கோ உடலுக்கோ ஏதாவது ஆனால் இழப்பீடும் இரண்டு மடங்கு. கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கத்தை அவரே படித்துவிட வேண்டும். ஏஜென்ட் வாயால் சொல்வதை மட்டும் நம்பி ஏற வேண்டாம்.

இனி கப்பலுக்கு வருகிறேன். நான் பதினாலு வருஷம் கச்சா எண்ணெய் டேங்கர்களில் ஓடிவிட்டு, சீஃப் ஆபீசராக இறங்கியவன். இப்போது சென்னையில் கப்பல் சர்வேயர் வேலை.

போர் என்றால் பாலிசி செல்லாது என்பது பாதி உண்மை. கப்பலின் உடம்புக்கும் இன்ஜினுக்கும் எடுக்கும் ஹல் பாலிசி புயல், மோதல், தரைதட்டல், தீ விபத்து எல்லாவற்றுக்கும் பணம் தரும். ஏவுகணையோ குண்டோ என்றால் தராது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் வார் ரிஸ்க் பாலிசி என்று தனியாக ஒன்று எடுக்கிறார்கள். அமைதியான கடல்களுக்கு அதன் பிரீமியம் சொற்பம். ஆனால் லண்டனில் ஜாயிண்ட் வார் கமிட்டி என்ற குழு, ஆபத்தான கடல்களின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள இடத்துக்குள் நுழைவதானால் முன்கூட்டியே சொல்லி, கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும். பெரும்பாலும் ஏழு நாளைக்குத்தான் அது செல்லும்.

2023 நவம்பரில் ஏமனின் ஆயுதப் படையான ஹூதிகள் செங்கடலில் கப்பல்களைக் குறிவைக்க ஆரம்பித்தார்கள். டிசம்பர் 18 அன்று ஜாயிண்ட் வார் கமிட்டி ஆபத்து எல்லையை வடக்கே அட்சரேகை 18 டிகிரி வரை நகர்த்தியது. சில வாரங்களுக்குள் கூடுதல் பிரீமியம் கப்பல் மதிப்பில் 0.7, 1 சதவீதம் என்று ஏறிவிட்டது. கேட்க சின்ன எண்ணாக இருக்கும். 6 கோடி டாலர் பெறும் கப்பலுக்கு 1 சதவீதம் என்றால் 6 லட்சம் டாலர், அதுவும் ஒரு தடவை கடந்து போவதற்கு. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு நன்னம்பிக்கை முனை வழியாக இத்தனை கப்பல்கள் போனதற்கு உயிர்ப் பயம் ஒரு காரணம், இந்தக் கணக்கு இன்னொரு காரணம்.

ஆக, வார் ரிஸ்க் எடுத்து, கூடுதல் பிரீமியமும் கட்டியிருந்தால் கப்பலுக்குப் பணம் வரும். எண்ணெய்க்கு, எண்ணெய்க்காரர் எடுத்த தனி வார் பாலிசியிலிருந்து வரும். மீட்புச் செலவும் இதே பாலிசிகளுக்குள் அடங்கும். கேள்வியின் இந்தப் பகுதி இவ்வளவுதான். என்னைத் தூங்கவிடாத பகுதி வேறு. அதற்கு ஒரு கப்பலின் கதையைச் சொல்ல வேண்டும்.

சூனியன் என்ற கிரேக்கக் கொடி டேங்கர், ஈராக்கில் சுமார் 1,50,000 டன் கச்சா எண்ணெய் ஏற்றிக்கொண்டு கிரீஸுக்குப் போய்க்கொண்டிருந்தது. 2024 ஆகஸ்ட் 21 அன்று, ஏமனின் ஹொதைதா துறைமுகத்துக்கு மேற்கே சுமார் 77 கடல் மைல் தூரத்தில், சின்னப் படகுகளில் வந்தவர்கள் சுட்டார்கள். அப்புறம் குண்டுகள் வந்து விழுந்தன. இன்ஜின் நின்றது, தீப்பிடித்தது. கப்பலில் 25 மாலுமிகள், அதில் 23 பேர் பிலிப்பைன்ஸ்காரர்கள். கூடவே நாலு காவலர்கள். மறுநாள் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆஸ்பிடஸ் கடற்படைப் பணியில் இருந்த பிரெஞ்சுப் போர்க்கப்பல் வந்து எல்லோரையும் ஜிபூட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஒரு உயிர்கூடப் போகவில்லை.

ஆளில்லாத கப்பலில் ஹூதிகள் ஏறி, டெக்கில் வெடி வைத்து வெடித்து, அதை வீடியோவாகவும் வெளியிட்டார்கள். டெக்கில் குறைந்தது ஐந்து இடங்களில் தீ. 1989-இல் அலாஸ்காவை நாசமாக்கிய எக்ஸான் வால்டெஸ் கப்பலிலிருந்து கொட்டியது சுமார் 37,000 டன். சூனியனில் இருந்தது அதைப்போல நாலு மடங்கு.

அந்த வீடியோவைப் பார்த்தபோது எனக்கு முதலில் தோன்றியது, ஐஜி போயிருக்கும் என்பதுதான். டேங்கரில் வேலை செய்யாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கச்சா எண்ணெய் நிரம்பிய தொட்டியில் எண்ணெய்க்கு மேலே கொஞ்சம் காலி இடம் இருக்கும். அங்கே எண்ணெயின் ஆவி நிற்கும். அதோடு காற்று கலந்தால் ஒரு பொறி போதும். அதனால் அந்த இடத்தில் ஆக்சிஜன் 8 சதவீதத்தைத் தாண்டாதபடி, தீப்பிடிக்க விடாத இனெர்ட் கேஸ் என்ற வாயுவை அடைத்து, வெளிக்காற்று உள்ளே வராமல் லேசான அழுத்தத்தில் வைத்திருப்போம். இதைத்தான் நாங்கள் ஐஜி என்போம். ஒருமுறை நள்ளிரவில், எண்ணெய் இறக்கிக்கொண்டிருந்தபோது, ஐஜி ஃபேன் நின்றுவிட்டது. கண்ட்ரோல் ரூமில் அழுத்தம் காட்டும் முள் எண்ணூறிலிருந்து எழுநூறு, அறுநூறு என்று இறங்குவதைப் பார்த்துக்கொண்டே பம்புகளை நிறுத்தினேன். நாலு நிமிஷம்கூட இருக்காது. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. கப்பலில் மின்சாரம் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், துறைமுகத்தில் தீயணைப்பு வண்டி நின்றது. அப்படியும் கை நடுங்கியது.

சூனியனில் இது எதுவுமே இல்லை. மின்சாரம் இல்லை, ஆள் இல்லை, டெக்கில் ஓட்டைகள், ஓட்டைகளில் தீ. இதன் மேல்தான் மீட்பு ஆட்கள் ஏறினார்கள்.

உடனே ஏற முடியவில்லை. செப்டம்பர் தொடக்கத்தில் இழுவைக் கப்பல்கள் போய், பாதுகாப்பில்லை என்று திரும்பி வந்தன. மீட்பவர்களைத் தாக்காமல் விடுவார்களா என்பது பேசித் தீர்க்க வேண்டிய விஷயமாக இருந்தது. செப்டம்பர் நடுவில் போர்க்கப்பல்கள் சுற்றி நிற்க, ஐகாயோன் பெலகோஸ் என்ற இழுவைக் கப்பல் சூனியனை வடக்கே இழுத்துப் போனது. செப்டம்பர் 16 அன்று, எண்ணெய் கசியாமல் பாதுகாப்பான இடத்துக்கு வந்துவிட்டது என்று அறிவித்தார்கள். அப்புறமும் வேலை இருந்தது. தீயை அணைத்து, தொட்டிகளின் ஓட்டைகளை அடைத்து, திரும்ப இனெர்ட் கேஸ் நிரப்பி அழுத்தம் ஏற்ற மூன்று வாரம் ஆனது. அக்டோபரில் சூயஸுக்கு இழுத்துப் போனார்கள். 2025 ஜனவரியில், எண்ணெய் முழுவதும் இறக்கியாகிவிட்டது என்ற செய்தி வந்தது. வேலைக்குத் தலைமை தாங்கிய ஆம்ப்ரே நிறுவனம் அந்த அறிவிப்பில் எல்லாவற்றையும் சில வரிகளில் முடித்துவிட்டது. "தொட்டிகளை அடைத்து அழுத்தம் ஏற்றினோம்" என்ற பொருளில் ஒரு வரி. எரிந்து கருகிய டெக்கில், ஆகஸ்ட் வெயிலின் சூடு குறையாத செங்கடலில், அந்த ஒரு வரியைச் செய்து முடித்த ஆட்களை நினைத்து நான் அன்று அழுதேன்.

இப்படிப் போகிறவர்களுக்குக் கூலி எப்படி என்று கேட்பீர்கள். கடல் மீட்பில் நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கும் வழக்கம், மீட்டால்தான் காசு. லாயிட்ஸ் ஓப்பன் ஃபார்ம் என்ற பிரபலமான ஒப்பந்தத்தில் தொகையே எழுதியிருக்காது. முதலில் காப்பாற்று, எவ்வளவு என்பதை லண்டனில் நடுவர் சொல்வார். தப்பிய கப்பல், தப்பிய எண்ணெய், இவற்றின் மதிப்பைப் பார்த்து, ஆபத்தையும் உழைப்பையும் பார்த்து முடிவு செய்வார்கள். பேரம் பேசி நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. 1978-இல் பிரான்ஸ் கரையோரம் அமோகோ காடிஸ் என்ற டேங்கர் சுக்கான் கெட்டு மிதந்தபோது ஒப்பந்தம் பேசுவதிலேயே நேரம் போனது. கடைசியில் கப்பல் பாறையில் மோதி, 2,20,000 டன்னுக்கு மேல் எண்ணெய் பிரிட்டனி கரைக்குப் போனது. கப்பல் போனாலும் சுற்றுச்சூழலைக் காக்க உழைத்தவருக்குத் தனியாகக் கொடுக்கலாம் என்பதைச் சர்வதேசச் சட்டமாக்கியது 1989 மீட்பு உடன்படிக்கை. உயிரைக் காத்ததற்கு, காக்கப்பட்டவரிடம் கூலி கேட்கக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது.

சரி, என்னைத் தூங்கவிடாத பகுதி இதுதான். மீட்பு தோற்றிருந்தால், கரையில் இருக்கும் மீனவருக்கு யார் கொடுப்பார்கள்?

சாதாரண விபத்து என்றால் வழி இருக்கிறது. எண்ணெய் மாசுக்கான 1992 சர்வதேச உடன்படிக்கையின்படி, தப்பு யாருடையதாக இருந்தாலும் டேங்கர் முதலாளி எண்ணெய்ச் சேதத்துக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு அவருடைய பி அண்ட் ஐ கிளப், அதாவது கப்பல் முதலாளிகள் சேர்ந்து நடத்தும் இன்சூரன்ஸ் சங்கம், உத்தரவாதம். அது போதவில்லையென்றால், உறுப்பு நாடுகளில் சர்வதேச எண்ணெய் மாசு இழப்பீட்டு நிதி மீதியைக் கொடுக்கும். ஆனால் இந்த உடன்படிக்கையிலும், நிதிக்கென்று உள்ள தனி உடன்படிக்கையிலும் ஒரு வாசகம் இருக்கிறது. போர், பகைச் செயல், உள்நாட்டுப் போர், கிளர்ச்சி, இவற்றால் வந்த சேதம் என்றால் முதலாளிக்குப் பொறுப்பில்லை. அதை நிரூபித்துவிட்டால் நிதிக்கும் பொறுப்பில்லை. மூன்றாம் ஆள் வேண்டுமென்றே செய்த நாசம் என்றால் மட்டும், முதலாளி தப்புவார், நிதி தப்பாது. அதாவது, வெடி வைத்தவனை நீதிமன்றம் கிளர்ச்சிக்காரன் என்று சொல்கிறதா, நாசக்காரன் என்று சொல்கிறதா என்பதைப் பொறுத்து ஒரு கரை முழுக்க உள்ள மீனவரின் பிழைப்பு இருக்கிறது.

கப்பல்காரருக்கு வார் பாலிசி உண்டு. எண்ணெய்க்காரருக்கு வார் பாலிசி உண்டு. வலை போடுகிறவருக்கு மட்டும் அது கிடையாது. அவரால் கூடுதல் பிரீமியம் கட்டிவிட்டுக் கடலுக்குப் போக முடியுமா?

இது எனக்குப் புத்தகத்தில் படித்த விஷயம் இல்லை. 2017 ஜனவரியில் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது எர்ணாவூர் கரைக்குப் போயிருந்தேன். கொட்டியது சில நூறு டன்தான். பாறைக்கற்களுக்கு நடுவே இளைஞர்கள் வாளியால் அள்ளி அள்ளிக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு மீன்காரம்மா படியில் உட்கார்ந்து, கணுக்காலில் ஒட்டிய தாரை மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். "இது கால்ல இருந்து போயிடும் தம்பி, மீனு மேல ஏறின நாத்தம் போவாது. யாரு வாங்குவா?" என்றார். அவர் சொன்னது போலவே நடந்தது. எண்ணெய் படாத மீனையும் பல நாள் சென்னையில் யாரும் வாங்கவில்லை. ஆனால் அது விபத்து. இழப்பீடு என்று போய்க் கேட்க ஒரு கதவாவது இருந்தது. ஹொதைதா கரையில் அதுவும் இருந்திருக்காது.

அதனால்தான், அந்தக் கரைக்கு இருந்த ஒரே இன்சூரன்ஸ் அந்த இழுவைக் கப்பலும் அதில் போன ஆட்களும்தான் என்று சொல்கிறேன். போரில் உடைந்த கப்பலுக்கும் செல்லும்படி அந்த இழப்பீட்டு நிதியை மாற்ற வேண்டும். எண்ணெய் வாங்கும் கம்பெனிகள் கட்டும் பணத்தில் நடக்கும் நிதி அது. கட்ட முடியாதவர்கள் இல்லை.

முடியாத காரியம் என்று யாராவது சொன்னால், அதே கரையில் சூனியனுக்கு ஒரு வருஷம் முன்பு நடந்ததைச் சொல்லுங்கள். ஹொதைதாவுக்கு வடக்கே ராஸ் ஈசா அருகே, ஸேஃபர் என்ற துருப்பிடித்த எண்ணெய்ச் சேமிப்புக் கப்பல் ஏமனில் போர் தொடங்கியதிலிருந்து பராமரிப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தது. உடைந்தால் சுத்தம் செய்ய மட்டும் 2,000 கோடி டாலர் ஆகும் என்று ஐ.நா. சொன்னது. ஐ.நா. ஊர் ஊராகப் பணம் திரட்டி, பொதுமக்களிடம்கூடக் கேட்டு, நாட்டிகா என்ற பெரிய டேங்கரையே வாங்கியது. அந்த வேலைக்கு இன்சூரன்ஸ் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது, அதுவும் கிடைத்தது. 2023 ஜூலை 25-இல் தொடங்கி ஆகஸ்ட் 11-க்குள் 11 லட்சம் பீப்பாய்க்கு மேல் மாற்றி முடித்தார்கள்.

அப்படி மாற்றிய எண்ணெயை விற்பது யார், பணம் யாருக்கு என்ற தகராறு தீரவில்லை. நாட்டிகாவுக்கு 'யெமன்' என்று பெயர் மாற்றி, எண்ணெயோடு அங்கேயே நிறுத்திவைத்திருக்கிறார்கள். சூனியன் எரிந்ததும் அதே தெற்குச் செங்கடலில்தான்.